வெட்டுக் கோட்டுக்கு வெளியே

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. கீழ்த்தளத்தில் இருக்கிற மோட்டார் ரூமையும் ஜெனரேட்டரையும் மேடை கட்டி உயர்த்த வேண்டும். எவ்வளவு உயரம்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியதோ, அதற்கு மேல் ஒரு அடி. சரி, எதுவரை ஏறியது? அங்கேதான் சிக்கல். முதல் மாடிக்காரர் மூன்றடி என்றார். கீழ் வீட்டு அம்மா நாலரை அடி என்று அடித்துச் சொன்னார். பத்து வருடம் ஆனால் வெள்ளம் சிலருக்கு வடிந்துவிடும், சிலருக்கு ஏறிவிடும்.

"சார், நீங்கதான் அன்னைக்கு மாடியில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீங்களே. அதுல கேட் பக்கத்து ஈபி பாக்ஸ் தெரியும்ல?" என்று செயலாளர் கேட்டார்.

எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. மீட்புப் படகு ஒன்று தெருவில் வருகிறது, வலது ஓரத்தில் எங்கள் கேட், கேட் தூணில் ஈபி பாக்ஸ். பாக்ஸின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இன்றைக்கும் டேப் வைத்து அளந்துவிடலாம். படத்தில் தண்ணீர் பாக்ஸுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினேன். படம் இருந்தது. படகு இருந்தது. கேட் இல்லை, தூண் இல்லை, ஈபி பாக்ஸ் இல்லை. நானே வெட்டியிருக்கிறேன்.

அன்றைய போனில் எடுத்த மற்ற படங்கள் எல்லாம் 3264 × 2448 அளவு. இது மட்டும் 1800 × 1200. கணக்குப் போட்டால் மூலப் படத்தின் 27 சதவீதம்தான் மிச்சம். 73 சதவீதம் போய்விட்டது. அதே கோப்பின் மேலேயே சேமித்திருக்கிறேன், மூலம் எங்கும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குப் புதிதாகப் போட்டோகிராஃபி பைத்தியம். க்ராப் செய்யும்போது திரையில் வருகிற ஒன்பது கட்டத்தைப் பார்த்து, படகை இடது கீழ்ப் புள்ளியில் சரியாக உட்கார வைத்திருக்கிறேன். மில்லிமீட்டர் சுத்தம்.

அதனால் இந்தப் பதிவு அந்த ஒன்பது கட்டத்தைப் பற்றியும் அதன் சொந்தக்காரக் கோடுகளைப் பற்றியும். தப்பு என்னுடையதுதான், அதை மென்பொருள் தலையில் கட்டப் போவதில்லை. ஆனால் நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால், ஒரு கருவி தன்னைப் பயன்படுத்துகிறவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என்னென்ன கோடுகள்

க்ராப் கருவியை எடுத்ததும் படத்தின் மேல் விழுகிற மெல்லிய கோடுகளைத்தான் வழிகாட்டிகள் என்கிறார்கள். ஜிம்ப் மென்பொருளில் மையக் கோடுகள், மூன்றிலொரு பங்கு, ஐந்திலொரு பங்கு, பொன் பிரிவுகள், மூலைவிட்டக் கோடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. டார்க்டேபிளில் இவற்றோடு இசைவு முக்கோணங்கள், பொன் சுருள் எல்லாம் சேரும். லைட்ரூமில் க்ராப் திறந்து ஓ விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக மாறும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் சுருளும் முக்கோணமும் திசை திரும்பும். முதல் தடவை பார்ப்பவருக்கு ஏதோ யந்திரத் தகடு மாதிரி இருக்கும். அவ்வளவு கோடு இருக்கும்போது உள்ளே ஏதோ ரகசியம் இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும்.

கொஞ்சம் அளந்து பார்ப்போம். 6000 × 4000 பிக்சல் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலொரு பங்குக் கோடு இடமிருந்து 2000-ஆவது பிக்சலில் விழும். பொன் பிரிவுக் கோடு 2292-இல் விழும். வித்தியாசம் 292 பிக்சல், அகலத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லை. ஒரு கொக்கு நிற்கிற படத்தில் கொக்கின் உடம்பே அதைவிட அகலமாக இருக்கும். அப்படியென்றால் கொக்கை எந்தக் கோட்டில் வைத்தோம்? இரண்டிலும்தான். படம் நன்றாக வந்தால் மூன்றிலொரு பங்குக்காரரும் பொன் விகிதக்காரரும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

சுருள் இன்னும் வேடிக்கை. பொன் சுருள் பொருந்துவது 1.618 விகிதச் செவ்வகத்தில். கேமரா கொடுப்பது பெரும்பாலும் 1.5. போன் கொடுப்பது 1.33. டிவிக்காக வெட்டினால் 1.78. இந்தச் சட்டங்களுக்குள் சுருளை அடைக்க வேண்டுமென்றால் ஒன்று இழுத்து நீட்ட வேண்டும், இல்லை ஓரத்தில் இடம் விட வேண்டும். நீட்டினால் அது பொன் சுருள் இல்லை, வெறும் சுருள். திரையில் பார்க்கும்போது அதை யார் கவனிக்கிறார்கள்?

எங்கிருந்து வந்தன

மூன்றிலொரு பங்கு விதி ஏதோ கிரேக்கர் காலத்துச் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரை 1797-இல் அச்சில் கொண்டுவந்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர், கிராமப்புறக் காட்சிகளைப் பற்றிய ஒரு நூலில். அப்போது போட்டோகிராஃபியே பிறக்கவில்லை. அவர் பேசியது பங்கைப் பற்றி: ஒளிக்கும் நிழலுக்கும், நிலத்துக்கும் வானத்துக்கும் சரிபாதி கொடுக்காதே, ஒன்றுக்கு இரண்டு என்று கொடு. இரண்டு விஷயம் சம பலத்தோடு நின்றால் கண் தடுமாறும் என்பது அவருக்கு முன்பே ஓவியர் ரெனால்ட்ஸ் பேசிய கருத்து. கவனியுங்கள், குறுக்கும் நெடுக்கும் நாலு கோடு போட்டு, அவை வெட்டுகிற புள்ளியில் ஆளை நிறுத்து என்று ஸ்மித் சொல்லவில்லை. அவர் கேட்டது 'எது எவ்வளவு?' என்ற கேள்வி. நம் திரையில் அது 'எது எங்கே?' என்று மாறி வந்திருக்கிறது.

பொன் விகிதத்தின் அழகுப் புகழும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிளம்பியது. 1854-இல் சைசிங் மனித உடம்பு முழுக்க அதைக் கண்டார். 1876-இல் ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களை ஆட்கள் முன்னால் வைத்து எது பிடிக்கிறது என்று கேட்டார். பொன் செவ்வகத்தைத் தேர்ந்தவர்கள் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். பத்தில் ஒன்றுக்கு அது பெரிய ஓட்டுதான். ஆனால் மீதிப் பேர் வேறு எதையோ தேர்ந்தார்களே! பின்னால் வந்த சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை.

மூலைவிட்ட முறை நம் காலத்து ஆள் செய்தது. எட்வின் வெஸ்ட்ஹாஃப் என்கிற டச்சுப் போட்டோகிராபர், நாலு மூலையிலிருந்தும் 45 டிகிரியில் கோடு இழுத்தால் படத்தின் முக்கியமான நுணுக்கங்கள் அவற்றின் மேல் விழுகின்றன என்று கண்டதாகச் சொன்னார். கவனமாகப் படியுங்கள்: எடுத்து முடித்த படங்களில் அவர் பார்த்தது. பார்த்ததைச் சொன்னவர் பேரில் குறையில்லை. மெனுவில் ஏறியதும் அது செய்ய வேண்டியதாகிவிட்டது. ஒருவர் கவனித்த வழக்கம், அடுத்தவருக்கு உத்தரவு. நிரல் எழுதுகிற எங்களுக்கு இது பழகிய கதை. சும்மா ஒரு வசதிக்காக வைத்த டீஃபால்ட் மதிப்பு, அஞ்சு வருடத்தில் ஊர் வழக்கமாகிவிடும்.

இந்தக் கோடுகளால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. தொடுவானம் சாயாமல் நிமிர்த்தக் கட்டம் வேண்டும். எதை எடுத்தாலும் நட்டநடுவில் வைக்கிற பழக்கத்தை விடுவிக்க மூன்றிலொரு பங்கு நல்ல வாத்தியார். என் பெண் பத்து வயதில் அதைக் கற்றுக்கொண்டு இரண்டே நாளில் என்னைவிட நல்ல படம் எடுத்தாள். என் குறை வேறு. இத்தனை வழிகாட்டியும் உள்ளே வைக்கிற பொருளை எங்கே வைப்பது என்று மட்டும் பேசுகின்றன. எதை வெளியே தள்ளுகிறோம் என்று ஒன்றுகூடப் பேசவில்லை. க்ராப் என்ற வேலையின் பெயரே வெட்டுவது. வெட்டி எறிவதைப் பற்றி வாய் திறக்காத வழிகாட்டி என்ன வழிகாட்டி?

மாமல்லபுரத்தில் ஒரு சோதனை

இதைச் சரிபார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மாமல்லபுரம் போனேன். பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். அர்ஜுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் இரண்டு பெயர் சொல்கிறார்களே, அந்தப் பெரிய பாறைச் சிற்பம்தான் என் சோதனைப் பொருள்.

சுமார் 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். விகிதம் 2.2-க்கு மேல். முழு உயரமும் வருகிற மாதிரி 3:2 சட்டத்தில் பிடித்தால் அகலம் 19.5 மீட்டர்தான் வரும். மிச்சம் 9.5 மீட்டர் வெளியே. அதாவது சிற்பத்தின் மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்றிலொரு பங்குக்கு எந்த மெனுவிலும் கோடு கிடையாது.

முழுசாக எடுத்த படத்தை வீட்டில் வந்து டார்க்டேபிளில் திறந்தேன். கண் முதலில் போவது வலப்பக்க யானைகளுக்கு. பெரிய யானையை வலது கோட்டில் வைத்தேன். அருமையான படம், காலண்டரில் போடலாம். ஆனால் பாறையின் நடுவில் ஒரு பிளவு இருக்கிறதே, நாகர்கள் கைகூப்பி எழுந்து வருகிற பிளவு, அது போய்விட்டது. அந்தச் சிற்பத்தில் தேவர், மனிதர், மிருகம் எல்லாம் அந்தப் பிளவை நோக்கித்தான் போகிறார்கள். அதை வெட்டிவிட்டால் யானை எங்கே போகிறது? சும்மா வாக்கிங் போகிறது.

அடுத்து, பிளவுக்கு இடப்பக்கம் மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியையும் பக்கத்தில் சிவனையும் வைத்து வெட்டினேன். இப்போது அது அர்ஜுனன் தபசு, வேறு எதுவும் தோன்றாது. பிளவையும் நாகர்களையும் நடுவில் வைத்து வெட்டினால் அது கங்கை. அறிஞர்கள் இத்தனை காலம் விவாதிக்கிற கேள்விக்கு என் மவுஸ் ஐந்து விநாடியில் இரண்டு தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டு தடவையும் வழிகாட்டிக் கோடு சரியாகப் பொருந்தியது.

கடைசியாகப் பூனை. யானைக்கு அருகில் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனை, சுற்றிலும் எலிகள். எல்லோருக்கும் பிடித்த பகுதி, தனியாக வெட்டிப் போடுவார்கள். தனியாகப் பார்த்தால் அது கை தூக்கிய பூனை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் கை தூக்கி நிற்கிற தவசி இருப்பதால்தான் இந்தப் பக்கம் பூனை செய்வது கிண்டல். பல மீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு உருவத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. பூனையை எந்தப் பொன் புள்ளியில் வைத்தாலும் அது படத்துக்குள் வராது.

இதையே வீட்டுப் பக்கத்திலும் பார்க்கலாம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பூநாரை வந்தால் நம் பக்கத்துப் போட்டோ குரூப்பெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். நானும் எடுத்திருக்கிறேன். பறவை வலது கோட்டில், முன்னால் வெறும் தண்ணீர், பின்னால் பனி மாதிரி மங்கல். அந்த மங்கல் பல படங்களில் பெருங்குடி குப்பைக் கிடங்கின் மேடு, இல்லையென்றால் ஓஎம்ஆர் பக்கத்துக் கட்டடங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் இது. குப்பை மேட்டுக்குப் பக்கத்திலேயே பறவை வந்து நிற்கிறது என்பதுதான் அதன் முழுச் செய்தி. மேட்டை வெட்டினால் படம் அழகாகிறது. பார்க்கிறவருக்கு, 'அட, பறவை நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன பிரச்சினை?' என்றும் தோன்றிவிடுகிறது.

வெட்டாமல் விட்ட ஒருவர்

அப்படியென்றால் எதையுமே வெட்டக் கூடாதா? அப்படியில்லை. படம் எடுப்பதே ஒரு வெட்டுதான். கேள்வி, எதை வெட்ட நமக்குத் தகுதி இருக்கிறது என்பது. இதை யோசிக்கும்போது எனக்கு லின்னேயஸ் ட்ரைப் ஞாபகம் வருகிறார். மதராஸ் படையில் கேப்டன், 1856-இல் மதராஸ் அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டவர். 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைச் சுமந்து திரிந்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் ஒரு வினோதமான வேலை செய்தார். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக ஆக்கினார். அழகுக்காக எடுத்தவர் என்றால் ஒரு நல்ல பகுதியை எடுத்து, பாதி நிழலில் வைத்து முடித்திருப்பார். இதில் மையப் பொருளே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை எழுத்து.

அவர் ஏதோ வெட்டு ஒட்டு அறியாத தூய ஆத்மா என்று நினைக்காதீர்கள். அன்றைய நெகட்டிவில் வானம் வெளிறிப் போகும். அதனால் அவர் நெகட்டிவ் மேலேயே மேகத்தைக் கையால் தீட்டுவார். வானத்தில் கை வைத்தவர், கல்வெட்டை மட்டும் முழுசாக விட்டார். அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சிடத் தொடங்கியது 1890-களில். ட்ரைப் படம் எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. எந்த வரியில் ராஜராஜன் கொடை இருக்கிறது, எந்த வரி முக்கியம் என்று 1858-இல் அவருக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. எது முக்கியம் என்று தெரியாததால் எதையும் விடவில்லை.

இந்த இடத்தில்தான் என் வெள்ளப் படமும் அதுவும் எதிரெதிராக நிற்கின்றன. அன்றைக்கு எனக்குப் படகு முக்கியம். ஈபி பாக்ஸ் பத்து வருடம் கழித்துத்தான் முக்கியமாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. தெரியாது என்பதால்தான் அதை விட்டு வைத்திருக்க வேண்டும்.

மென்பொருள் என்ன செய்யலாம்

குறை சொன்னால் மட்டும் போதாது என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். பக் ரிப்போர்ட் எழுதினால் தீர்வும் எழுது.

முதல் விஷயம், இருட்டு. க்ராப் சட்டம் இழுத்ததும் வெளியே இருப்பதை எல்லா மென்பொருளும் மங்கலாக்கும். உள்ளே இருப்பதைப் பார்க்க அது உதவி. ஆனால் வேலை முடிகிற அந்த ஒரு விநாடியில், என்டர் தட்டுவதற்கு முன்னால், தலைகீழாக ஒரு தடவை காட்டலாம்: உள்ளே மங்கல், வெளியே வெளிச்சம். எதை எறிகிறாய் என்று பார், பிறகு எறி. நிரல் எழுத ஒரு மத்தியானம் போதும்.

இரண்டாவது, எண். '73 சதவீதம் நீக்கப்படுகிறது' என்று ஓரத்தில் ஒரு வரி. பிக்சல் அளவைக் காட்டுகிற மென்பொருளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு பெரிய விஷயமா?

மூன்றாவது ஓரளவு வந்துவிட்டது. லைட்ரூமும் டார்க்டேபிளும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை, வெட்டு என்பது அவற்றில் ஒரு குறிப்பு மட்டும். ஃபோட்டோஷாப்பில் 2012-இல் வந்த சிஎஸ்6 முதல், வெட்டிய பிக்சல்களை அழிக்கவா என்று கேட்கிற ஒரு பெட்டி உண்டு. ஜிம்பிலும் உண்டு, ஆனால் ஜேபெக்காக வெளியே அனுப்பினால் வெளி ஓரம் போனது போனதுதான். நான் அன்றைக்குப் பயன்படுத்தியது போனில் இருந்த ஏதோ ஒரு இலவசச் செயலி. அதில் ஒன்பது கட்டம் இருந்தது, இந்தப் பெட்டி இல்லை. அழகுக்கான கருவி கடைசி இலவசச் செயலி வரை வந்து சேர்ந்துவிட்டது. பாதுகாப்புக்கான கருவி இன்னும் காசு கொடுப்பவருக்கும் விவரம் தெரிந்தவருக்கும்தான். இதுதான் என் உண்மையான வருத்தம். ஏனென்றால் வெள்ளத்தைப் படம் எடுப்பவர்கள் யாரும் லைட்ரூமில் எடுப்பதில்லை. மொட்டைமாடியில் நின்று, கையில் இருக்கிற போனில், சார்ஜ் தீர்வதற்குள் எடுக்கிறார்கள்.

அதுவரை என் சொந்த விதிகள் இரண்டு. வெட்டுவதற்கு முன் நகல் எடுத்து, மூலத்தை 'மூலம்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். வெட்டும்போது கோடுகளை அணைத்துவிட்டு, நாலு ஓரத்தையும் ஒரு தடவை கண்ணால் சுற்றி வருகிறேன்: இங்கே என்ன இருக்கிறது, இதன் பெயர் என்ன, இது போனால் உள்ளே இருப்பதன் அர்த்தம் மாறுமா? சுற்றி வந்த பிறகும் வெட்டத் தோன்றினால் வெட்டுகிறேன். அப்போது கோடுகளைத் திரும்பப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

சங்கத்துக் கதைக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகில் இருப்பவரின் முகம்கூடத் தெரிகிறது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. படகுக்கு அளவுகோல் கிடையாது, அது எந்தத் தண்ணீரிலும் மிதக்கும். கடைசியில் கீழ் வீட்டு அம்மாவின் நாலரை அடியை எடுத்துக்கொண்டு, மேலே ஒரு அடி சேர்த்து, ஐந்தரை அடி மேடை என்று முடிவானது. செலவு கூடுதல் என்று முதல் மாடிக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

பெரும்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் 2015 டிசம்பர் படங்கள் இருந்தால், நீங்கள் பகிர்ந்த அழகான படத்தை விடுங்கள், போனிலோ பழைய டிஸ்க்கிலோ கிடக்கிற வெட்டாத மூலத்தைத் தேடுங்கள். ஓரத்தில் கேட், படிக்கட்டு, ஜன்னல் விளிம்பு, ஈபி பாக்ஸ் ஏதாவது தெரிந்தால் அந்த உயரத்தை இன்றைக்கே டேப் வைத்து அளந்து, தெருப் பெயரோடு குறித்து வையுங்கள். நான் எங்கள் தெருவிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நாலு படம் கிடைத்திருக்கிறது. மூன்று ஏற்கெனவே வெட்டியவை.